மூன்று சென்டிமீட்டர்

ஐந்து பல்கலைக்கழகங்கள், நான்கு நாடுகள்,
மூன்று ஆண்டு நிதி.
அதில் என் பங்கு
விண்டர்தூரில் ஒரு பழைய இரும்பு வார்ப்பாலையும்
இருபத்திரண்டு கேள்விகளும்
மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிற ஓர் ஒப்பந்தமும்.

எஞ்சின்களுக்கு இரும்பு ஊற்றிய கூடத்தில்
இப்போது நூலகம்.
கிரேனை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.
நாற்பது டன் தூக்கியது
இன்று ஒரு கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.
நகரத்தின் மரபுப் பட்டியலில் அதற்கு எண் உண்டு,
கழற்றினால் அபராதம் உண்டு.
என்னைக் கழற்ற ஒரு மின்னஞ்சல் போதும் என்று
மதிய உணவில் சொன்னேன்.
லியோனிலிருந்து வந்த பெனுவா மட்டும் சிரித்தான்,
அவனுக்கு ஜூன் வரை இருக்கிறது.

அவரை இரவு பத்தரைக்குச் சந்தித்தேன்.
ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டு
"பேரை மாத்திப் போடுவியள்தானே?" என்றார்.
மாற்றுவோம் என்றேன்.
"அப்ப கொஞ்சம் வடிவான பேராப் போடுங்கோ."
அவரே யோசித்து எடுத்தார்: மிருணாளினி.

பதினேழாம் கேள்வி:
பத்து ஆண்டுகளில் உங்கள் வேலை எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?
"நினைக்கிறீர்கள்" என்பதா "எதிர்பார்க்கிறீர்கள்" என்பதா என்று
ஜெனீவாவில் இரண்டு நாள் உட்கார்ந்து
வாக்கெடுத்த கேள்வி.

மிருணாளினி பதில் சொல்லவில்லை.
"வாங்கோ" என்று எழுந்தார்.

தரை துடைக்கும் ரோபோ வந்துகொண்டிருந்தது,
மழையில் நனைந்த ஆமை மாதிரி,
அலமாரிகளுக்கு ஒதுங்கி
நாற்காலிக் கால்களை நலம் விசாரித்து.
கூடத்தின் குறுக்கே தண்டவாளம்.
ஒரு காலத்தில் வார்ப்பு வண்டிகள் ஓடியது.
தரைக்கு மேலே மூன்று சென்டிமீட்டர்.
அதற்கும் எண் உண்டு.

முட்டியது. பின்வாங்கியது.
வேறு கோணத்தில் முட்டியது.
பிறகு நல்ல ஜெர்மனில், மரியாதையாக,
உதவி கேட்டது.

அவர் காலால் ஒரு பக்கம் நெம்பி
கைப்பிடியில் தூக்கி
அந்தப் பக்கம் இறக்கினார்.
"ஒரு இரவுக்குப் பதினாலு தரம்.
போன வருசம் நாலு பேர் நிண்டம். இப்ப நான் மட்டும்தான்.
இந்தக் கம்பி இல்லாட்டி நானும் இல்லை."
என் சட்டைப்பையில் ஒலிப்பதிவுக் கருவியின் சிவப்புப் புள்ளியைப் பார்த்து,
"இது எழுத வேண்டாம், என்ன."

சூரிச் ரயிலில் யோசித்தேன்.
எழுதினால் அருமையான கட்டுரை.
எதிர்காலத்தின் காலை மரபு இடறுகிறது:
இப்படி ஒரு வரிக்கு மாநாடுகளில் கைதட்டுவார்கள்.
யாரோ ஒரு பொறியாளரும் வாசிப்பார்.
கெட்டவர் அல்ல.
ஒரு ரப்பர் சரிவுப் பலகை வரைவார்,
திருகாணி இல்லாமல், இரும்பில் கீறல் விழாமல்.
மரபுத்துறை தலையாட்டும்.
முப்பது பிராங்க் ஆகும்.

பதிவில் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.
ரோபோவின் குரல்.
ஒரு மூச்சு.
இரும்பில் சக்கரம் தட்டுவது.
விளங்காத பகுதிகளை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும் என்பது
படியெடுப்பு விதி.
போட்டேன்:
(தெளிவில்லை, முப்பத்தோரு வினாடி)

கிளாஸ்கோவில் நிறைவுக் கூட்டம்.
பதினேழாம் கேள்விக்கான வரைபடத்தில்
பதிலளிக்காதோர் ஒரு மெல்லிய சாம்பல் கோடு.
பேராசிரியர் கேட்டார், ஏன் இந்த ஒருவர் மட்டும்?
களைத்திருந்தார் என்றேன்.
அது பொய்யும் இல்லை.

விண்டர்தூர் என்றேனா?
பெயரை மாற்றுவோம் என்று வாக்குக் கொடுத்தவள் நான்.
ஊரும் ஒரு பெயர்தானே.
தேடிப் போகாதீர்கள்.

ஏப்ரலில், என் நுழைவட்டையை ஒப்படைத்த அன்று,
இருட்டிய பிறகு கண்ணாடிக்கு வெளியே நின்றேன்.
அட்டை இல்லாமல் கதவு என்னைத் தெரியாதது போல் இருந்தது.
நின்ற நேரத்தில் இரண்டு தரம் தூக்கினார்.
மூன்றாவதற்குள்
பஸ் வந்துவிட்டது.